படைக்கல உரிமமும் தோட்டத் தமிழரும்

ஓர் அரசு தன் குடிமக்களுள் யாரை நம்புகிறது, யாரை ஐயுறுகிறது என்பதை அறிய வேண்டின், அது யார் கையில் படைக்கலம் இருக்க இசைகின்றது என்பதை நோக்கினாலே போதும். துப்பாக்கி உரிமம் என்பது ஒரு சிறு தாளே. உரியவரின் பெயர், துப்பாக்கியின் வகை, அதன் எண், செல்லுபடியாகும் காலம், செல்லுபடியாகும் இடம் ஆகியவையே அதில் எழுதப்பெறுவன. ஆயினும் அத்தாள் உள்ளவன் காவலன் எனவும், இல்லாதவன் குற்றவாளி எனவும் பிரிக்கப்பட்ட காலங்கள் பல. நம் மலாயாவிலோ, அத்தாள் இன்மை ஒன்றே ஒருவனைத் தூக்குமரத்திற்கு அனுப்பிய காலமும் உண்டு. அக்காலத்தில் அத்தண்டனைக்கு ஆளானவருள் தமிழரும் இருந்தனர்.

துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதைப் பிடித்த கையைப் பற்றியே பேசுவர். உரிமத்தை வழங்கிய கையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அது யாருக்கு வழங்கப்பட்டது, எந்த எல்லைவரை செல்லுபடியாயிற்று, இல்லாதவனுக்கு என்ன நேர்ந்தது என்னும் மூன்று வினாக்களையும் தமிழர் வரலாற்றோடு பொருத்தி ஈண்டு ஆராய்வோம்.

தமிழகத்தில் படைக்கலம் பறிபோனமை

தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் வேலும் வாளும் வளரியும், பிற்காலத்தில் நாட்டுத் துப்பாக்கியும் அரசனின் படைவீட்டில் மட்டும் இருந்தவை அல்ல. ஊர்க்காவல் செய்தோரும் பாளையக்காரரின் ஆட்களும் அவற்றை வைத்திருந்தனர். ஆநிரை மீட்டு மாண்டோருக்கு எடுத்த நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரர் உருவங்களை இன்றும் காண்கிறோம். படைக்கலம் வைத்திருத்தற்குத் தாள் ஒன்று வேண்டும் என்ற எண்ணமே அக்காலத்தில் இல்லை.

அந்நிலை மாறியது பாளையக்காரர் போர்களுக்குப் பின்னரே. 1799 அக்டோபர் 16இல் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அதன்பின் தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும், ஆயுதங்களை ஒப்படைக்கவும் கும்பினியார் ஆணையிட்டனர். 1801 அக்டோபர் 24இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, பாளையங்களில் மக்கள் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தது. கட்டபொம்மனின் இறுதியையும் மருதிருவரின் வீரத்தையும் நாம் மாணவர்க்கு விரித்துரைக்கின்றோம். இவ்வறிவிப்பைப் பற்றி ஒரு வரியும் சொல்வதில்லை. தலைவர்களின் மரணம் இரண்டு நாள்களில் முடிந்தது. ஆனால் அறிவிப்போ, அதன்பின் வந்த தலைமுறைகள் அனைத்தையும் தொட்டது. ஆயுதம் ஏந்துதல் பிறப்போடு வந்த வழக்கம் என்ற நிலை போய், ஆட்சியாளர் விரும்பினால் தரும் சலுகை என்ற நிலை வந்தது.

இந்தியா முழுமைக்கும் இதைச் சட்டமாக்கியது 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்தபோது இயற்றப்பட்ட அச்சட்டப்படி, இந்தியர் உரிமம் இன்றிப் படைக்கலம் வைத்திருத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியர்க்கு அதன் விதிகளில் விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒருவன் தோல் நிறத்தையொட்டி உரிமம் வேண்டாதவன் ஆனான். மற்றவன் அது வேண்டி மன்றாடுபவன் ஆனான். இந்த இனவேறுபாட்டை எதிர்த்துக் காங்கிரசார் பல்லாண்டு குரல் கொடுத்தனர். முதல் உலகப் போருக்குப் பின்னரே, 1920இல் நடைமுறைக்கு வந்த விதிகளில் அவ்வேறுபாடு நீக்கப்பட்டது. 1931இல் கராச்சிக் காங்கிரசு வகுத்த அடிப்படை உரிமைகளுள், ஒழுங்குவிதிகட்கு உட்பட்டுப் படைக்கலம் தாங்கும் உரிமையும் ஒன்றாக இடம்பெற்றது.

விலக்குப் பெற்ற இந்தியரும் சிலர் இருந்தனர். குடகு நாட்டுக் குடவர்க்கு 1861இல் அளிக்கப்பட்ட விலக்கு, விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 2019இல் இந்திய அரசு அதனை மேலும் பத்தாண்டுகட்கு நீட்டித்தது. 1857 கிளர்ச்சிக் காலத்தில் ஆங்கிலேயர்க்கு நம்பிக்கைக்குரியவராய் இருந்தமையே குடவர் பெற்ற சலுகைக்குக் காரணம். பாளையக்காரர் மரபினர் எதிர்த்து நின்றமையால் ஆயுதம் இழந்தனர். அடுத்தடுத்த இரு நிலப்பகுதிகளில் இருவேறு நீதி வழங்கப்பட்டது இவ்வாறே.

எல்லைக்கு அப்பால் ஓர் ஊர்

சட்டம் எவ்வளவு இறுக்கமாயினும் அது ஆட்சி எல்லையோடு நின்றுவிடும். 1911 ஜூன் 17இல் மணியாச்சிச் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சித்தலைவர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்ற நிகழ்ச்சி இதற்குச் சான்று. வாஞ்சிநாதன் வைத்திருந்தது பிரௌனிங் கைத்துப்பாக்கி. பிரிட்டிஷ் இந்தியாவில் அவன்போன்ற இளைஞன் ஒருவனுக்கு அதற்கு உரிமம் கிடைத்திராது. ஆனால் புதுச்சேரியோ பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது. அங்கே அடைக்கலம் புகுந்திருந்த வ. வே. சு. ஐயரிடம் வாஞ்சி துப்பாக்கிப் பயிற்சி பெற்றான் என்று வரலாற்று நூல்கள் கூறும். ஒரே தமிழ் மண்ணின் நடுவே வரையப்பட்ட ஒரு கோடு, கோட்டின் இப்பக்கம் குற்றமாவதை அப்பக்கம் இயலக்கூடியதாக்கிற்று. அச்செயலைப் போற்றுவதோ பழிப்பதோ ஈண்டு நம் நோக்கமன்று. படைக்கலச் சட்டத்தின் வலிமையும் வலிவின்மையும் எல்லையில்தான் வெளிப்படும் என்பதையே சுட்ட விழைகின்றோம்.

நெகிரி செம்பிலானும் அதன் எல்லைகளும்

இனி நம் நாட்டிற்கு வருவோம். நெகிரி செம்பிலான், பேராக், சிலாங்கூர், பகாங் ஆகிய நான்கும் 1895ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஐக்கிய மலாய் நாடுகள் ஆயின. மலாக்காவோ பிரிட்டிஷ் குடியேற்றமான நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்தது. ஜொகூர் ஐக்கியத்தில் சேராத தனி நாடு. லிங்கி ஆற்றைக் கடந்தாலும், தம்பினைத் தாண்டினாலும் மலாக்கா. கெமாசைத் தாண்டினால் ஜொகூர். ஒருநாள் வழிப்பயணத்தில் மூன்று ஆட்சிகளின் மண்ணை மிதிக்கும் நிலையில் நம் தோட்டங்கள் அமைந்திருந்தன. சட்டமன்றம் மூன்று, சட்டப் புத்தகம் மூன்று. ஓர் ஆட்சியின் உரிமத்தை மற்றோர் ஆட்சி தானாக ஏற்க வேண்டும் என்ற கடப்பாடு, தனித்தனிச் சட்டங்கள் உள்ள இடத்தில் எழுவதில்லை.

ஆனால் இந்தச் சிக்கல் தோட்டத் தொழிலாளியின் சிக்கல் அன்று. துப்பாக்கி துரையின் பங்களாவில் இருந்தது. காட்டுப்பன்றி சுடவும், வேட்டையாடவும், சம்பளப் பணத்தை நகரிலிருந்து கொண்டுவருகையில் காவலுக்கும் அது பயன்பட்டது. லயத்தில் வாழ்ந்தவனிடம் பால்வெட்டுக் கத்தியும் புல்வெட்டும் கத்தியும் இருந்தன. தமிழகத்தில் ஆயுதம் பறிக்கப்பட்ட குடிகளின் பேரப்பிள்ளைகளே கங்காணிமாரோடு கப்பலேறி வந்தனர். அங்கே விலக்குப் பெற்றிருந்த இனத்தாரே இங்கே துரைமாராக இருந்தனர். கடல் நடுவே இருந்தும் அந்த ஏற்றத்தாழ்வு மாறவில்லை.

முதன்முறையாக அது குலைந்தது சப்பானியர் காலத்தில். 1943 ஜூலை 4இல் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் கிழக்காசிய இந்தியரின் தலைமையை ஏற்றார். தோட்டத்து இளைஞர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். ஜான்சிராணிப் படையில் பெண்களும் சேர்ந்தனர். பால்வாளி சுமந்த தோள்கள் துப்பாக்கி சுமந்தன. அப்படை அடைந்த போர்வெற்றி சிறிதே எனினும், துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்றிருந்த ஓர் இனம், நிமிர்ந்து அணிவகுத்து நடக்கக் கற்றுக்கொண்டது. 1945இல் போர் முடிந்தபோது துப்பாக்கிகள் கையைவிட்டுச் சென்றன. நிமிர்வு செல்லவில்லை. அடுத்த மூன்றாண்டுகளில் தோட்டங்களில் எழுந்த தொழிற்சங்க எழுச்சிக்கு அந்நிமிர்வும் ஒரு காரணமாயிற்று.

1948: ஒரு நாடு, ஒரு சட்டம்

சப்பானியரை எதிர்த்துக் காடுகளில் போரிட்ட மலாயா மக்கள் சப்பானிய எதிர்ப்புப் படை 1945 டிசம்பரில் கலைக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைத்தவர்க்கு ஆளுக்கு 350 வெள்ளி வழங்கப்பட்டது. ஒப்படைக்கப்படாமல் காட்டில் புதைக்கப்பட்டவையும் இருந்தன.

1948 பிப்ரவரி 1இல் மலாயாக் கூட்டரசு தோன்றியது. ஒன்பது மலாய் மாநிலங்களும் பினாங்கு, மலாக்கா ஆகிய இரு குடியேற்றங்களும் ஓராட்சியின்கீழ் வந்தன. லிங்கியாறும் தம்பினும் கெமாசும் இனி ஒரே சட்டத்தின் உள்ளெல்லைகள் ஆயின. அவ்வாண்டு ஜூன் 16இல் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டொரு நாளில் நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜூலையில் அவசரகால விதிகள் வந்தன.

அவ்விதிகளுள் நான்காவது, நாம் ஆராயும் பொருளுக்கு மையமானது. பிற சட்டங்களின்படி முறையாக உரிமம் பெறாத துப்பாக்கியை ஒருவன் ஏந்திச் சென்றாலோ, வைத்திருந்தாலோ, அதிகாரமின்றித் தோட்டாக்களை வைத்திருந்தாலோ, அவனுக்கு மரண தண்டனை. அவன் சுட்டானா, சுட எண்ணினானா என்பன தண்டனைக்கு இன்றியமையாத வினாக்கள் அல்ல. அதே வேளையில் துரைமார்க்குத் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்கச் சிறப்புக் காவலர் பல்லாயிரவர் சேர்க்கப்பட்டனர்; அவருள் பெரும்பாலோர் மலாய்க்காரர். லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு, சுற்றிலும் முள்வேலி இடப்பட்டது. வேலிக்கு வெளியே காட்டில் இருந்தவனிடம் துப்பாக்கி. வேலி வாயிலில் நின்ற காவலனிடம் துப்பாக்கி. பங்களாவில் துரையிடம் துப்பாக்கி. இம்மூவருக்கும் நடுவே விடியற்காலைப் பெரட்டுக்குச் சென்ற தமிழனிடம் அடையாள அட்டை ஒன்றே இருந்தது.

துரைமாரின் அச்சம் பொய்யான அச்சமன்று. சாலையில் மறைந்திருந்து சுட்டோர் துரையையும் கிராணியையும் தொழிலாளியையும் வேறுபாடின்றிக் கொன்றதுண்டு. ஆட்சித் தலைவரான ஹென்றி கர்னியே 1951 அக்டோபர் 6இல் பிரேசர்மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆதலின் படைக்கலத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டியதே. அச்சட்டம் கட்டாய மரணத்தை விதிக்கும்போது, ஒருவன் ஏன் அப்படைக்கலத்தை வைத்திருந்தான் என்று கேட்க இடம் இருந்ததா என்பதே வரலாறு எழுப்பும் வினா.

இரு தமிழர், இரு முடிவுகள்

அவ்விதியின்கீழ் நின்ற தமிழருள் இருவரின் வழக்குகள் நினைவில் நிற்க வேண்டியவை.

முதலாமவர் மலாயா கணபதி என்று அறியப்படும் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து இளமையிலேயே இங்கு வந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்றுநராகப் பணியாற்றியவர். போருக்குப் பின் அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார். 1948இல் அரசு திருத்திய சட்டத்தால் அக்கூட்டமைப்பு இயங்க இயலாமற் போயிற்று. 1949 மார்ச் 1இல் ரவாங் வட்டாரத்தில் கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கணபதி பிடிபட்டார். அதனைக் காவலரிடம் ஒப்படைக்கவே கொண்டு சென்றதாக அவர் கூறியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த மாதத்திலேயே மரண தண்டனை விதிக்கப்பட்டது. இந்திய அரசு தண்டனையைக் குறைக்குமாறு வேண்டியது, பயன் விளையவில்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்ட நாளுக்கும் உயிர்போன நாளுக்கும் இடையே இருந்தவை அறுபத்து நான்கு நாள்கள்.

இரண்டாமவர் சாம்பசிவம். இவர் தலைவர் அல்லர். பெயர் பெற்றவரும் அல்லர். 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்டார். துப்பாக்கி ஏந்தியதாக ஒரு குற்றச்சாட்டும், பத்துத் தோட்டாக்கள் வைத்திருந்ததாக மற்றொன்றும் சுமத்தப்பட்டன. அக்கால முறைப்படி நீதிபதியோடு இரு மதிப்பீட்டாளர் அமர்ந்து வழக்கைக் கேட்டனர். இருவரும் இரு குற்றங்களிலும் அவர் குற்றவாளி அல்லர் என்றனர். தோட்டாக் குற்றத்தில் நீதிபதி அதற்கு இசைந்தார், விடுதலை கிடைத்தது. துப்பாக்கிக் குற்றத்தில் இசையவில்லை. மறு விசாரணைக்கு ஆணையிட்டார். மறு விசாரணையில், சாம்பசிவம் துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததை ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலம் காட்டப்பட்டது. தோட்டாக் குற்றத்திலிருந்து அவர் முன்னரே விடுபட்டவர் என்பது புதிய மதிப்பீட்டாளர்க்கு எடுத்துரைக்கப்படவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

வழக்கு இலண்டனில் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. அங்கே 1950இல் மக்டர்மாட் பிரபு வழங்கிய தீர்ப்பு, தண்டனையை நீக்கியது. ஒரு குற்றத்திலிருந்து நீதிமன்றம் ஒருவனை விடுவித்தபின், அவ்விடுதலை அதே தரப்பினரிடையே பின்னர் எழும் எல்லா நடவடிக்கைகளிலும் அறுதியான உண்மையாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். விடுதலை பெற்ற குற்றத்தைச் செய்ததாகக் கூறும் வாக்குமூலத்தை, விடுதலையைச் சொல்லாமல் மறைத்துக் காட்டியது முறையன்று என்று அம்மன்றம் கண்டது. இன்றும் ஆங்கிலச் சட்டமரபைப் பின்பற்றும் நாடுகளின் நீதிமன்றங்களில், ஒருமுறை விடுதலையானவனை மீண்டும் அக்குற்றத்திற்கு ஆளாக்கலாகாது என்று வாதிடும் வழக்குரைஞர் எடுத்துக்காட்டும் தீர்ப்புகளுள் ஒன்று சாம்பசிவம் வழக்கு. சட்டக் கல்லூரிகள் பலவற்றில் படிக்கப்படும் அப்பெயர் நம் தோட்டப்பள்ளி ஆசிரியர் பலர்க்குத் தெரியாதது வருந்தத்தக்கது.

இருவர்க்கும் விதி ஒன்றே, தண்டனை ஒன்றே. ஒருவர்க்குக் காலம் கிடைத்தது, மற்றவர்க்குக் கிடைக்கவில்லை. கட்டாய மரண தண்டனையைப் பற்றிச் சிந்திப்போர் இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.

இன்றைய சட்டமும் மாநில எல்லையும்

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுற்றது. அவ்வாண்டின் ஆயுதச் சட்டமே இன்றும் நம் நாட்டில் உரிமத்தை ஆள்கின்றது. அதன்படி உரிமம் வழங்குபவர் அந்தந்த மாநிலத்தின் காவல்துறைத் தலைவர். நெகிரி செம்பிலானில் உள்ளவர் சிரம்பானையே நாட வேண்டும். ஆனால் சட்டம் மாநிலத்தினுடையது அன்று. படைக்கலம், தோட்டா, வெடிமருந்து ஆகியவை கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் கூட்டரசுப் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன. வழங்கும் கை மாநிலத்தில் இருப்பினும், எழுதிய சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்று. 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றத் தண்டனை மிகுப்புச் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்கு 14 ஆண்டுவரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது. கொள்ளை முதலிய குற்றங்களின்போது சுட்டவனுக்கு அது விதித்திருந்த கட்டாய மரண தண்டனை, 2023 ஜூலை 4 முதல் கட்டாயம் என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டது. மரணமா, நீண்டகாலச் சிறையா என்பதை இனி நீதிபதி ஆராய்ந்து முடிவு செய்வார். கணபதிக்கு மறுக்கப்பட்ட அந்த ஆராய்ச்சி எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்துச் சட்டத்தில் இடம்பெற்றது.

இந்தியாவிலும் படைக்கலம் ஒன்றிய அரசின் பட்டியலிலேயே உள்ளது. 1878 சட்டத்தின் இடத்தை 1959ஆம் ஆண்டின் சட்டம் பிடித்தது. அங்கும் உரிமத்தில் அது செல்லுபடியாகும் பரப்பு குறிக்கப்படுகின்றது. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டுபவர் தம் தாளில் எழுதியிருப்பதை முதலில் படித்துப் பார்க்க வேண்டும். அவ்வரசமைப்பு 1950இல் குடிமக்கட்கு அளித்த கூடும் உரிமை, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையே. கராச்சியில் கேட்டது ஒன்று. விடுதலை பெற்றபின் எழுதியது வேறொன்று.

இவ்விரு நாடுகட்கும் நேர்மாறானது அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கே 1791 முதல் அரசமைப்பிலேயே படைக்கலம் தாங்கும் உரிமை உள்ளது. ஆனால் துப்பாக்கியை உடையில் மறைத்து எடுத்துச் செல்வதற்குரிய உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி வகுக்கின்றது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இன்று அதற்கு உரிமமே வேண்டுவதில்லை. மற்றவற்றிலோ விண்ணப்பம், கைரேகை, பயிற்சி எனப் பல படிகள். ஒரு மாநிலம் கொடுத்த சீட்டை அடுத்த மாநிலம் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஓரிடத்தில் சட்டம் போற்றும் குடிமகன், பாலத்தைக் கடந்த மறுகணமே குற்றவாளி ஆகக்கூடும். இதனைத் தணிக்க 1986இல் இயற்றிய கூட்டரசுச் சட்டம், தோட்டா நீக்கிப் பூட்டி வைத்த துப்பாக்கியோடு பிற மாநிலம் வழியே செல்ல இடந்தருகின்றது. இடுப்பில் செருகிச் செல்ல அன்று. சிறப்புக் காரணம் காட்டினால்தான் உரிமம் என்ற நியூயார்க் விதியை 2022இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் நீக்கியது. ஆயினும் மாநிலத்திற்கு மாநிலம் சட்டம் வேறுபடும் நிலை நீங்கவில்லை. போருக்கு முன்னர் தம்பினிலும் கெமாசிலும் நாம் கண்ட மூவாட்சி நிலை, அங்கே ஐம்பது மடங்காக விரிந்துள்ளது எனலாம்.

ஆசிரியர் கடமை

இவ்வரலாற்றால் நாம் கொள்ள வேண்டியது படைக்கலத்தின்பால் ஆசையன்று. நம் இளைஞர் சிலர் குண்டர் கும்பல்களில் சிக்கித் துப்பாக்கியால் மாண்டதையும் மாய்த்ததையும் செய்தித்தாள்களில் படித்துத் துயருறும் காலம் இது. துப்பாக்கி ஏந்துவது வீரம் என்று எண்ணும் மாணவனுக்கு, அது இன்றி நின்று தொழிலாளர் உரிமைக்குப் பேசியபோதே கணபதி வலியவராக இருந்தார் என்பதை எடுத்துரைக்கலாம். அவரிடம் கண்ட கைத்துப்பாக்கி அவரைக் காக்கவில்லை. எதிரிக்கு வேண்டிய சான்றாகவே முடிந்தது.

சாம்பசிவத்தைக் காத்ததும் துப்பாக்கியன்று. முறையான விசாரணை வேண்டும் என்ற கோட்பாடும், அதனை விடாது வாதிட்ட வழக்குரைஞரும், அதைக் கேட்கச் செவி சாய்த்த மன்றமுமே காத்தன. 1801இல் நம் முன்னோர் இழந்தது வேலும் வளரியும் மட்டுமல்ல. தம்மை ஆளும் சட்டத்தை வகுப்பதில் தமக்கிருந்த பங்கும்தான். வேலையும் வளரியையும் மீட்க வேண்டுவதில்லை. பங்கை மீட்டல் வேண்டும். அதற்குக் கருவி கல்வியும் சட்ட அறிவுமே. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு அவசரகாலத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பாடநூல் கூறும் ஆண்டுகளோடு இவ்விரு தமிழர் பெயர்களையும் கரும்பலகையில் எழுதுவாராக.